ஆராய்ச்சி செய்தவர் பெயர்

அண்ணனும் தங்கையும் முகம் கொடுத்துப் பேசி அன்றோடு ஒன்பது நாள் ஆகியிருந்தது.

கீழே பட்டறை, மேலே வீடு என்று ஒரே கூரைக்குள் இருக்கிறவர்களுக்கு ஒன்பது நாள் பேசாமல் இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. நடுவில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அண்ணி.

“அண்ணி, கம்ப்ரஸரை நிறுத்தச் சொல்லுங்க” என்பாள் தும்பி. இரண்டடி தள்ளி நிற்கும் அவள் அண்ணன் காதில் எதுவும் விழாதவர் போல இருப்பார்.

“என்னங்க, கம்ப்ரஸரை நிறுத்தணுமாம்” என்று அண்ணி திருப்பிச் சொன்ன பிறகுதான் அவர் கை சுவிட்சுக்குப் போகும்.

சண்டை எதற்கென்று வாராவாரம் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் பக்கத்தைப் புரட்டினீர்கள் என்றால் கதை இதுதான். பல் டாக்டர்கள் பல்லைக் குடையும் ட்ரில்லைப் பழுது பார்த்துக் கொடுக்கிற பட்டறை அது. அண்ணன் ஆரம்பித்து நடத்துகிறார். கணக்கு வழக்கு மனைவி கையில். என்ஜினீயரிங் படித்த தங்கை, சின்ன வயதில் ஓரிடத்தில் உட்காராமல் வீடெல்லாம் ரீங்காரமிட்டுச் சுற்றியதால் தும்பி என்று பெயர் வாங்கியவள், மூன்று வருடமாக ஒரு புது ட்ரில் செய்துகொண்டிருக்கிறாள். ‘கீ…’ என்று அலறாத ட்ரில். ஆறடி ஆட்களே அந்தச் சத்தத்துக்கு நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள் இல்லையா, அந்தச் சத்தத்தை ஒழித்துக் கட்டுவது அவள் எண்ணம்.

பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. மீதியைத் தாண்டப் பணம் வேண்டும்.

இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு அரசாங்கம் இரண்டு வழி வைத்திருந்தது. ஒன்று மானியம். விண்ணப்பம் போட வேண்டும், நிபுணர் குழு நேரில் வந்து பார்க்கும், பிடித்திருந்தால் முன்பணமாகவே கொடுத்துவிடுவார்கள். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். மற்றது வரிச் சலுகை. நம் கைக்காசைப் போட்டு ஆராய்ச்சி செய்துவிட்டுப் பிறகு கணக்குக் காட்டினால் வரியில் கழித்துக்கொள்ளலாம். வரி கட்டும் அளவுக்கு லாபமே இல்லை என்றால் ஒரு பங்கை ரொக்கமாகத் திருப்பித் தருவார்கள். என்ன செய்கிறாய், ஏன் செய்கிறாய் என்று யாரும் வாசலில் வந்து நிற்க மாட்டார்கள்.

தங்கைக்கு மானியம்தான் வேண்டும். அண்ணனுக்கு வரிச் சலுகை.

“கண்டவங்க எல்லாம் வந்து என் பட்டறையில மூக்கை நுழைக்கணுமா?” என்று அவர் கேட்டார்.

“கேள்வி கேட்டா பதில் சொல்லணுமேன்னு உனக்கு பயம்ணா” என்று அவள் சொன்னாள்.

அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசியது.

இன்றைக்கு இரண்டும் ஒரே நாளில் வந்து நின்றன. காலை பதினோரு மணிக்கு மானியக் குழு வருகிறது. மூன்று வருடத்துக்குச் சேர்த்து வரிச் சலுகை கேட்க மாலை ஐந்து மணிதான் கெடு.

*

காலை ஏழு மணிக்கெல்லாம் அண்ணி சாப்பாட்டு மேஜையில் வரிச் சலுகைப் படிவத்தை விரித்து வைத்திருந்தாள். அதைத் தயாரித்துக் கொடுத்தவர் ஓர் ஆலோசகர். கிடைக்கிற தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசிக்கொண்டுதான் வேலையில் இறங்கியவர். அதனால் அவருக்கு வீட்டில் ‘பர்சென்ட் சார்’ என்று பெயர். முப்பத்திரண்டு பக்கம். மொத்தத் தொகை, பட்டறையின் பதினாலு மாத வாடகைக்குச் சமமாக வந்தது. பெரிய கிளினிக்குகளில் இரண்டு, உபயோகித்துவிட்டுத் தூக்கிப் போடும் ட்ரில்லுக்கு மாறிப் போன வருடம் இது. பதினாலு மாத வாடகை என்றால் மூச்சு விடலாம்.

பேரிங், பீங்கான் குண்டு, எஃகுக் கம்பி, சோதனைச் சாலைக் கட்டணம் எல்லாம் அவள் எழுதி வைத்த பில்கள்தான். ஒன்றொன்றாக டிக் அடித்துக்கொண்டே வந்தாள்.

ஏழாம் பக்கத்தில் பேனா நின்றது.

‘ஆராய்ச்சி செய்தவர் பெயர்’ என்ற கட்டத்தில் அவள் கணவர் பெயர் இருந்தது. எதிரே, ‘1,860 மணி நேரம்’.

தும்பியின் பெயரைத் தேடினாள். ஒன்பதாம் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. ‘உதவியாளர், ஊதியம் பெறாதவர்.’ எதிரே, ‘0’.

அண்ணிக்குச் சட்டென்று ஒன்றும் ஓடவில்லை. இணைப்பில் இருந்த தேதிவாரிப் பட்டியலைப் புரட்டினாள். இன்ன தேதி, இன்ன சோதனை, ஆறு மணி நேரம். இன்ன தேதி, ஒன்பது மணி நேரம். ஒரு தேதியில் அவள் விரல் தங்கியது. அன்றைக்கு அவள் கணவர் நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலில் போர்த்திக்கொண்டு கிடந்தார். நாலு மணிக்கு ஒரு மாத்திரை, எட்டு மணிக்கு ஒரு மாத்திரை என்று கொடுத்தவள் அவள். அன்று கீழே ஒன்பது மணி நேரம் சோதனை செய்தது யார் என்று அவளுக்குத் தெரியாதா?

வரிச் சலுகையின் சூத்திரமே அப்படித்தான். ஆராய்ச்சி செய்தவருக்குக் கம்பெனி கொடுத்த சம்பளத்தில்தான் சலுகை கணக்காகும். சம்பளம் வாங்காதவர் ராப்பகலாக உழைத்தாலும் அந்தக் கட்டத்தில் பூஜ்யம்தான் விழும்.

தும்பி ஏன் சம்பளம் வாங்கவில்லை? மூன்று வருடம் முன்பு பட்டறை தள்ளாடியபோது அவளாகவே வந்து சொன்னாள். “எனக்கெதுக்கு அண்ணி சம்பளம்? சோறு போடறீங்க, கேட்ட பேரிங்கை வாங்கித் தர்றீங்க. போதும்.”

அண்ணிக்கு அன்று நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது என்னவோ உண்மை. சம்பளப் பதிவேட்டில் நாலாவது வரியைச் சிவப்பு மையால் அடித்தாள். அளவுகோல் வைத்து, நேராக. அடித்த கை இதே கைதான்.

*

கணவர் கீழே, கருவிகளைக் கழுவும் அறையில் இருந்தார். கழுவும் இயந்திரத்தின் தொட்டி உறுமிக்கொண்டிருந்தது. கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டி, இடுக்கியால் ஒரு பேரிங்கைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, ஏழாம் பக்கத்துல உங்க பேர் இருக்கு.”

அவர் நிமிரவில்லை. “ஆமா.”

“ஆயிரத்து எண்ணூத்தி அறுபது மணி நேரம்.”

“அந்த ஆளு அப்படித்தான் போடணும்னு சொன்னான்.”

“நீங்க காய்ச்சல்ல படுத்திருந்த நாளும் அதுல இருக்கு.”

இடுக்கி மேஜைக்கு இறங்கியது. பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். கண்கள் சிவந்திருந்தன, வேலையாலா, தூக்கமின்மையாலா, தெரியவில்லை.

“இங்க பாரு. நான் யார் வீட்டுப் பணத்தையும் திருடலை. வேலை நடந்தது நிஜம். மணி நேரம் நிஜம். அவ நோட்டைப் பார்த்துத்தான் ஒவ்வொரு நாளா எழுதினேன். அவ பேர்ல போட்டா பைசா வராது. என் பேர்ல போட்டா வருது. அவ்வளவுதானே?”

“அவ்வளவுதானா?”

“பின்ன? அவ உழைப்பு வீணாப் போகக் கூடாதுன்னுதான் செஞ்சேன்.”

“அவகிட்ட சொன்னீங்களா?”

அவர் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார். பார்க்க அங்கே ஒன்றுமில்லை. மூடினார்.

“கையெழுத்து நான்தான் போடப் போறேன். தப்புன்னா என் தலைமேலதான் விழும்” என்றார். “மத்தியானம் அனுப்பிடு. இப்ப அந்தக் குழு வேற வந்து தொலையப் போகுது.”

அண்ணி மாடிப்படியில் ஏறும்போது தும்பி எதிரே இறங்கி வந்தாள். இஸ்திரி போட்ட சட்டை, சீவிக் கட்டிய தலை. இடுக்கியும் நோட்டும் மட்டும் வழக்கம் போலக் கையில்.

“என்ன அண்ணி, முகம் ஒரு மாதிரி இருக்கு?”

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நாக்கு நுனி வரை வந்தது. இன்னும் மூன்று மணி நேரத்தில் இவள் மூன்று பெரிய மனிதர்களுக்கு முன்னால் கை நடுங்காமல் வேலை செய்து காட்ட வேண்டும்.

“ராத்திரி சரியாத் தூங்கலை. நீ போய் உன் வேலையைப் பாரு” என்றாள் அண்ணி.

*

குழு பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டது. தலைவி, நரைத்த கிராப்பு வைத்த ஓர் என்ஜினீயர் அம்மாள். கூட ஒரு பல் டாக்டர். மூன்றாவது ஆள் மானிய அலுவலக அதிகாரி. அவர் ஃபைலைக் கீழே வைக்கவே இல்லை.

தும்பி சுற்றி வளைக்கவில்லை. விசிறி மாதிரி ஒரு குட்டிச் சக்கரத்தைத் தாளில் வரைந்தாள்.

“காத்து இந்த இறக்கைகள்ல மோதித்தான் ட்ரில் சுத்துது. நிமிஷத்துக்கு மூணு லட்சம் சுத்து. எல்லா இறக்கையும் சரிசமமான இடைவெளியில இருக்கறதால எல்லாம் சேர்ந்து ஒரே சுருதியில கத்துது. அதுதான் அந்த ‘கீ’. நான் இடைவெளியை மாத்திட்டேன். ஒண்ணு கிட்ட, ஒண்ணு தள்ளி. சத்தம் பல சுருதியாச் சிதறிடுது. காதுக்கு வெறும் காத்து மாதிரிதான் கேக்கும்.”

“இடைவெளி சமமா இல்லேன்னா சக்கரம் ஆடுமே?” என்றார் தலைவி.

“ஆடும் மேடம். அதோடதான் மூணு வருஷமா மல்லுக்கட்டறேன்.”

முதலில் சாதாரண ட்ரில்லை பிளாஸ்டிக் தாடை ஒன்றின் கடைவாய்ப் பல்லில் ஓட்டினாள். அறையில் இருந்த எல்லோருக்கும் தோள்பட்டை தானாக உயர்ந்தது. பிறகு தன்னுடையதை எடுத்தாள்.

உஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். ஜன்னல் இடுக்கில் காற்று வருகிற மாதிரி. அவ்வளவுதான். பல்லிலிருந்து வெள்ளைத் தூள் பறந்தது.

பல் டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு, இடது காதைக் கிட்டே கொண்டுவந்து கேட்டார். “எனக்கு வலது காது பாதிதான் கேக்கும். முப்பது வருஷமா இந்தச் சனியனைக் காதோரமா வெச்சுகிட்டு வேலை பார்த்த கூலி” என்றார். “நிறுத்தாதீங்க. ஓட்டுங்க.”

அண்ணி கணவரைப் பார்த்தாள். கதவருகே கைகட்டி நின்றவரின் முகத்தில், அவர் மறைக்க நினைத்தும் மறையாத ஒரு பெருமை இருந்தது. அந்தச் சக்கரத்தின் எஃகைக் கடைசல் இயந்திரத்தில் பிடித்துக் கொடுத்தவர் அவர்தானே.

நாலாவது நிமிடத்தில் ட்ரில் அலறியது.

உலோகம் உலோகத்தைக் கிழிக்கிற சத்தம். தும்பி பெடலிலிருந்து காலை எடுத்தாள். கருவியின் முனையில் லேசாகப் புகை.

அதிகாரி ஃபைலில் ஏதோ குறித்துக்கொண்டார்.

தும்பி இடுக்கியால் பேரிங்கைப் பிரித்தெடுத்து, வெள்ளைத் துணியில் வைத்து, தலைவியின் பக்கம் நகர்த்தினாள். “பேரிங் குண்டுகளைப் பிடிச்சிருக்கற கூண்டு உடைஞ்சிருக்கு. இது நாப்பத்தோராவது தடவை. முன்னாடி முப்பது விநாடி கூடத் தாங்காது. இப்ப நாலு நிமிஷம். எனக்கு இருபது நிமிஷம் வேணும்.” நோட்டைத் திறந்தாள். “நாப்பது எப்படி உடைஞ்சதுன்னு இதுல இருக்கு.”

தலைவி நோட்டை வாங்கிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படிக்க ஆரம்பித்தவர், கால் மணி நேரம் தலையே தூக்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம் படம், அளவு, தேதி. கடைசியில் மூடித் திருப்பிக் கொடுக்கும்போது, “நல்லா எழுதியிருக்கே” என்று ஒருமையில் சொன்னார். அதில் ஓர் உரிமை தெரிந்தது.

அப்போது அதிகாரி ஃபைலிலிருந்து நிமிர்ந்தார். “ஒரு சம்பிரதாயக் கேள்வி. இதே வேலைக்கு வரிச் சலுகை ஏதாவது கேட்டிருக்கீங்களா?”

“முடிஞ்சுபோன மூணு வருஷத்துக்கு. இன்னிக்கு அனுப்பறோம்” என்றார் கணவர்.

“அதுல தப்பில்லை. மானியம் இனிமே ஆகப் போற செலவுக்குத்தான். ஒரே செலவு ரெண்டுலயும் வரக் கூடாது, அவ்வளவுதான்.” பக்கத்தைப் புரட்டினார். “ஆனா ஆள் விவரம் ரெண்டுலயும் ஒத்துப்போகணும். எங்க விண்ணப்பத்துல ஆராய்ச்சி செய்தவர்னு இவங்க பேர் இருக்கு. அதுல யார் பேர்?”

அண்ணியின் கையில்தான் அந்தப் படிவம் சுருட்டிய நிலையில் இருந்தது. ‘இன்னும் பூர்த்தி செய்யலைங்க’ என்று சொன்னால் போதும். பாதிப் பொய்தான். சொல்ல வாயைத் திறந்தாள்.

“என் பேர்” என்றார் கணவர்.

தும்பி திரும்பிப் பார்த்தாள்.

“என் பேரைப் போட்டிருக்கு. ஆயிரத்து எண்ணூத்திச் சொச்சம் மணி நேரம்னு.” கைகளைப் பிரித்து எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டையில் துடைத்துக்கொண்டார். “ஆனா வேலை என்னுது இல்லைங்க. நான் கடைசல் பிடிச்சுக் கொடுத்தேன், அவ்வளவுதான். யோசிச்சது, வரைஞ்சது, உடைச்சது, மறுபடி செஞ்சது எல்லாம் என் தங்கச்சி. அவ சம்பளம் வாங்கலை. அதனால அந்தப் படிவத்துல அவளுக்கு இடமில்லை. இடத்தை நான் எடுத்துக்கிட்டேன்.”

அறையில் கம்ப்ரஸர் மட்டும் தட தடவென்று ஓடியது. யாருக்கும் அதை நிறுத்தத் தோன்றவில்லை.

தலைவி மெதுவாகத்தான் பேசினார். “இதை நான் குறிப்புல எழுதாம இருக்க முடியாது. நீங்களாச் சொன்னீங்கங்கறதையும் எழுதறேன். அந்தப் படிவம் திருத்தாமப் போச்சுன்னா எங்க பக்கமும் கதவு மூடிடும், புரியுதா?” பிறகு தும்பியிடம் திரும்பினார். “இன்னொண்ணு. இந்தக் கம்பெனியில நீ யாரு? சம்பளப் பட்டியல்ல இல்லாத ஒருத்தரை நம்பி நாங்க பொதுப்பணத்தைக் கொடுக்க முடியாது. வெள்ளிக்கிழமைக்குள்ள வேலை நியமனக் கடிதம் வரணும்.”

போகும்போது பல் டாக்டர் மட்டும் வாசலில் நின்று, “இருபது நிமிஷம் ஓடுச்சுன்னா முதல்ல எனக்கு ஒண்ணு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

*

தும்பி உடைந்த பேரிங்கைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவ வேண்டிய அவசியமே இல்லை, குப்பைக்குப் போகிற சாமான் அது. கணவர் அவள் பின்னால் போய் நின்றார். அண்ணி கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள்.

“தும்பி.”

ஒன்பது நாளுக்குப் பிறகு அந்தப் பெயரை அவர் நேராகக் கூப்பிட்டார்.

“என் நோட்டை எப்ப எடுத்தே?” என்றாள் அவள், திரும்பாமல்.

“போன மாசம். நீ சோதனைச் சாலைக்குப் போயிருந்தப்ப.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டிருக்கலாம்.”

“ஏன் கேக்கலை?”

“கேட்டா நீ சரின்னு சொல்லியிருப்பே. சம்பளம் வேணாம்னு சொன்ன மாதிரியே, பேரும் வேணாம்னு. அதைக் கேட்டுட்டு அப்புறம் உன் மூஞ்சில முழிக்கறது எப்படின்னு தெரியலை. அதான் கேக்காமலே எடுத்துட்டேன்.”

தண்ணீர்க் குழாயை அவள் மூடினாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளா என்று அண்ணி பதறி உள்ளே வந்தபோது, கண்ணில் நீரோடு ஒரு மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள். “நல்ல ஆளுண்ணா நீ. வெளியாளுங்க மூணு பேர் முன்னாடிதான் உனக்கு வாய் வந்தது.”

“தும்பி, உன் பேரை அடிச்சது நான்” என்றாள் அண்ணி.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

“சம்பளப் பதிவேட்டுல. மூணு வருஷம் முன்னாடி.”

“நான்தானே அண்ணி வேணாம்னேன்?”

“நீ வேணாம்னு ஒரு தடவை சொன்னே. அதுக்கப்புறம் நான் மறுபடி கேக்கவே இல்லை. மாசா மாசம் எனக்கு அது சௌகரியமா இருந்தது.” காலையிலிருந்து தொண்டையில் கிடந்தது வெளியே வந்துவிட்டது. “பதிவேட்டுல உன் வரி இருந்திருந்தா, இன்னிக்கு உன் மணி நேரம் அத்தனையும் உன் பேர்லயே ஏறியிருக்கும். இவர் எதையும் எடுக்க வேண்டிய தேவையே வந்திருக்காது.”

தும்பி ஈரக் கையோடு அண்ணியின் முழங்கையைப் பிடித்தாள். அண்ணியின் சட்டைக் கையில் ஈரம் படிந்தது.

மணி இரண்டரை. கம்ப்யூட்டரில் படிவத்தைத் திறந்து வைத்து, மூன்று பேருமாக மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அண்ணன் உண்மையிலேயே கடைசலில் நின்ற நேரத்தைத் தும்பியின் நோட்டிலிருந்தே பொறுக்கினார்கள். “இது நீ செஞ்சதுண்ணா, போடு.” “இல்லை, அன்னிக்கு நான் பாதியில போயிட்டேன், ரெண்டு மணி நேரம்தான்.” கடைசியில் இருநூற்றுப் பன்னிரண்டு வந்தது. சாமான் செலவில் மாற்றமில்லை. தும்பிக்கு நேரே பூஜ்யம் அப்படியே நின்றது. அதை யாராலும் மாற்ற முடியாது. ஆனால் ‘ஆராய்ச்சி செய்தவர் பெயர்’ என்ற கட்டத்தில் அண்ணி கணவரின் பெயரை அழித்துவிட்டுத் தும்பியின் முழுப் பெயரை எழுதினாள். கணவர் பெயர், இருநூற்றுப் பன்னிரண்டு மணி நேரத்தோடு, உதவியாளர் வரிக்கு இறங்கியது.

பதினாலு மாத வாடகை மூன்று மாத வாடகையாகச் சுருங்கியது.

பர்சென்ட் சார் தொலைபேசியில் குதித்தார். “மேடம், உங்களை மாதிரி தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டவங்களை நான் பார்த்ததே இல்லை. வரித்துறையில யார் வந்து மணி நேரத்தை எண்ணிப் பார்க்கப் போறாங்க?”

“நாங்க எண்ணிட்டோம் சார்” என்றாள் அண்ணி.

“என் சதவீதம்?”

“அது மாறலை. மூணு மாச வாடகையில உங்க சதவீதம்.”

அந்தப் பக்கம் லைன் துண்டித்துக்கொண்டது. கணவர் சிரித்துவிட்டார். ஒன்பது நாளில் அவர் பல் தெரிந்தது அப்போதுதான்.

முப்பதாம் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. பர்சென்ட் சார் அதில் ‘பொருந்தாது’ என்று எழுதி வைத்திருந்தார். தும்பி எட்டிப் பார்த்தாள். “‘முயற்சியில் ஏற்பட்ட தோல்விகளை விவரிக்கவும்’னா கேட்டிருக்காங்க? நிஜமாவா?”

“ஆமா. என்ன பலன் வரும்னு முன்கூட்டியே தெரியாத வேலைக்குத்தான் இந்தச் சலுகை. உடைஞ்சதும் ஆராய்ச்சியிலதான் சேர்த்தி” என்றாள் அண்ணி.

“மானிய விண்ணப்பத்துல வெற்றி வாய்ப்பு எத்தனை சதவீதம்னு கேட்டுக் கேட்டு உயிரை எடுத்தாங்க. எண்பதுன்னு மனசாட்சியை அடகு வெச்சு எழுதினேன்.” அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “அண்ணி, கம்ப்யூட்டரைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க. இதை நான் எழுதறேன்.”

எழுதினாள், எழுதினாள், அப்படி எழுதினாள். முதல் பேரிங் உருகியது, ஏழாவது சக்கரம் பறந்து போய்ச் சுவரில் குத்தியது, இருபத்திரண்டாவதில் சுருதி குறைந்து நடுக்கம் கூடியது எல்லாம் வரிசையாக ஏறின. நாலே முக்காலுக்கு அண்ணி கிட்டத்தட்டப் பிடுங்கித்தான் அனுப்ப வேண்டியிருந்தது. நாலு ஐம்பத்திரண்டுக்குப் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று பதில் வந்தது.

*

சாயங்கால வெயில் மேஜையில் விழுந்திருந்தது. நியமனக் கடிதத்தை வெள்ளிக்கிழமை வரை தள்ளிப்போட அண்ணிக்கு மனமில்லை. கையோடு ஒரு தாளை எடுத்தாள். பெயர் எழுதினாள். பதவி என்ற இடத்தில் தயங்கியபோது கணவர் பேனாவை வாங்கிக்கொண்டார். அவர் கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும். இன்று ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி, ‘ஆராய்ச்சித் தலைவர்’ என்று எழுதினார். சம்பளம் என்ற இடத்தில் தன் சம்பளம் எவ்வளவோ அதே எண்ணைப் போட்டார். மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அவள் தலையசைத்தாள். எங்கிருந்து கொடுப்பது என்பதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

கடிதம் தும்பியின் முன்னால் நகர்ந்தது. அவள் படித்தாள். மறுபடி படித்தாள். பேனாவைத் தொடவில்லை.

“அண்ணா, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். மறைச்சு வெச்சு உன்னை மாதிரி மாட்டிக்கக் கூடாது.” விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது குரலில் விளையாட்டு இல்லை. “போன மாசம் சோதனைச் சாலைக்குப் போனேன்ல? அந்தச் சோதனைச் சாலை இருக்கற பல்கலைக்கழகத்துலயே எனக்கு வேலை தர்றேன்னு சொல்லியிருக்காங்க. தனி அறை, நான் கேக்கற மெஷின் எல்லாம். நம்ம ட்ரில்லையே அங்க தொடரலாமாம். பதில் சொல்ல நாளைக்குக் காலையில பத்து மணிதான் கெடு.”

ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி பின்னால் வந்து நின்று, மறுபடி கிளம்பிப் போயிற்று.

“சம்பளம்?” என்றார் அண்ணன், கடைசியில்.

“இதுல இருக்கறதைப் போல ரெண்டு மடங்கு.”

“ஒரு மாசமா ஏன் சொல்லலை?”

“என்ன சொல்றது? இங்க இருன்னு நீ ஒரு நாளும் எங்கிட்ட கேட்டதில்லையேண்ணா. நானா இருந்தேன், அவ்வளவுதானே.”

அண்ணிக்குக் கணவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. கத்துவார், எழுந்து போவார், கதவைச் சாத்துவார். கல்யாணமான பன்னிரண்டு வருடத்தில் அவள் பார்த்த மூன்று வழிகள் அவை. அவர் மூன்றையும் செய்யவில்லை. மேஜையில் இரண்டு கைகளையும் விரித்து வைத்து, தங்கையை நேராகப் பார்த்தார்.

“இப்ப கேக்கறேன்” என்றார்.

தும்பி கடிதத்தை நாலாக மடித்தாள். நோட்டுக்குள் வைத்தாள். பேனாவை அண்ணியின் பக்கம் மெல்ல உருட்டிவிட்டாள்.

“பத்து மணிக்குள்ள சொல்லிடறேண்ணா” என்றவள் எழுந்து, மாடிப்படியில் ஒவ்வொரு படியாக ஏறிப் போனாள்.